பிணங்களைப் படம்பிடித்த லென்ஸ்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நகானோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கோயிலில் காசு போட்டு, மணியடித்து, இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. என் அப்பா ஒரே ஒரு தடவை முயன்று பார்த்தார். காய்ச்சல் வந்துவிட்டது.

நுமாகுரா துப்பறியும் நிலையம், நகானோவில் ஒரு நூடுல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. முதலாளி நுமாகுரா கினுயோ. ஐம்பதைத் தாண்டியவர். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் வேலை பார்த்து, அங்கே பொய் போதவில்லை என்று வெளியே வந்தவர். உதவியாளன் நான், இஸோகாவா. வயதில் அவருக்கு மூத்தவன். அறிவில் எவ்வளவு இளையவன் என்பதை அவரே தினமும் காலையில் சொல்வார்.

எங்கள் அலுவலகம் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் மூச்சை வெளியே விட்டுவிட்டு வரவேண்டிய அளவு. ஆனால் விளம்பரத்துக்குப் படமெடுத்த பையன் ஏதோ அகல லென்ஸைப் போட்டு எடுத்துவிட்டான். படத்தில் அது அரண்மனை. அதைப் பார்த்து ஒருவர் சைக்கிளோடு மாடியேறி வந்தார், உள்ளே ஒரு சுற்று வரலாம் என்று. அன்றிலிருந்து அகல லென்ஸ் என்றாலே முதலாளியம்மாவுக்கு வயிறு எரியும்.

மழைக்காலம். ஒரு பெண் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். மற்றவர்களைப் போல மீதி அலுவலகம் எங்கே என்று தேடவில்லை.

"உங்க விளம்பரப் படம் பன்னிரண்டு மில்லிமீட்டர்ல எடுத்தது," என்றார். "வலது மூலை சுத்தமா சரியில்ல."

"உக்காருங்க," என்றார் முதலாளியம்மா. அவர் ஒருவரை இவ்வளவு சீக்கிரம் மதித்து நான் பார்த்ததில்லை.

பெயர் மினெகிஷி ஹருயோ. 'காமெரா மடோ' என்ற மாத இதழில் உதவி ஆசிரியர். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் காமிராக்களுக்கு வரும் புது லென்ஸ்களைச் சோதித்து நல்லது கெட்டது எழுதுவது அவர் வேலை.

"என்னை ராஜினாமா பண்ணச் சொல்றாங்க," என்றார். "நாளைக்கு இதழ் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள எழுதிக் கொடுக்கணும். குஜிரா கம்பெனியோட புது லென்ஸை நான் கீழே போட்டுட்டு, அதை மறைக்க லென்ஸே மோசம்னு எழுதினேனாம்."

"போட்டீங்களா?"

"பதினெட்டு வருஷமா லென்ஸைத்தான் கையில வெச்சிருக்கேன். இதுவரைக்கும் எதையும் கீழே போட்டதில்ல."

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணைத்தான் போட்டேன்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பையிலிருந்து லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். ஊறுகாய் ஜாடி உயரம். முன்கண்ணாடி மீன்கண் போலப் பிதுங்கி, அறையிலிருந்த எல்லோரையும் ஒரே நேரத்தில் முறைத்தது. பத்து முதல் இருபது மில்லிமீட்டர் வரை போகும் ஜூம். இந்த மாதிரி லென்ஸில் எடுத்தால் எடுப்பவரின் காலும் படத்தில் விழுந்துவிடும் என்பார்கள். என் நண்பர் ஒருவர் எடுத்த படத்தில் அவருடைய முதுகே விழுந்திருக்கிறது.

"உலகத்துலேயே இப்போதைக்கு இது ஒண்ணுதான் இருக்கு," என்றார் மினெகிஷி. "கடைக்கு வர்றதுக்கு முந்தி செஞ்ச மாதிரிப் பொருள். வெள்ளிக்கிழமை குஜிரா கம்பெனி எங்க எல்லாரையும் அதாமிக்கு, வெந்நீர் ஊற்று விடுதிக்குக் கூட்டிட்டுப் போச்சு. அன்னிக்கு ராத்திரி விருந்துல எங்க இதழ்ல மதிப்புரை எழுதுற பெரியவர் ஹனாவா சென்ஸே இதுல ஒரு படம் எடுத்தார். சனிக்கிழமை காலையில லென்ஸ் என் கைக்கு வந்துது. திங்கட்கிழமை சோதிச்சேன். இடது ஓரம் கூழ்."

"கூழ்னா?"

அவர் காமிராவில் லென்ஸை மாட்டி, ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் ஓடு பதித்த சுவரை எடுத்துத் திரையைக் காட்டினார். காமிராக்காரர்கள் சுவரைப் படமெடுப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி லென்ஸ் வாங்குவார்கள். ஃபூஜி மலை ரயில் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கும். இவர்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் செங்கல் சுவரை எடுத்து, அதன் மூலையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

"பத்து மில்லிமீட்டர்ல கோடு வளையுது. அதை மன்னிக்கலாம். மரக்கிளையை எடுத்தா அதோட ஓரத்துல ஊதா நிறம் ஒழுகுது. அதையும் மன்னிக்கலாம். நடுவுல அருமையா இருக்கு, அதையும் எழுதியிருக்கேன். இப்போ வலது ஓரத்தைப் பாருங்க."

வலது ஓரத்தில் ஓடுகளுக்கு நடுவே இருந்த கோடு கோடாகத் தெரிந்தது.

"இப்போ இடது."

இடது ஓரத்தில் சுவர், சூப்பில் ரொம்ப நேரம் கிடந்த டோஃபு மாதிரி கரைந்திருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் இப்படின்னா உள்ள இருக்கிற கண்ணாடி ஒண்ணு சாய்ஞ்சிருக்கு. ஃபாக்டரியிலேயே சாய்ஞ்சிருக்கலாம். கீழே விழுந்தாலும் சாயலாம்."

"விழுந்ததுன்னு எதை வெச்சுச் சொல்றாங்க?"

மினெகிஷி இதழின் அச்சுப்படி ஒன்றை விரித்தார். ஹனாவா சென்ஸேயின் மதிப்புரை. இரண்டு பக்கமும் நிறைத்து ஒரே படம்: விடுதியின் பாய் விரித்த கூடம், இரண்டு வரிசையாக விருந்தினர்கள், எல்லோரும் விடுதி கொடுத்த யுகாதா அங்கியில், கையில் சாகே மதுக் கிண்ணம். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் தலைப்பு. அந்தப் பகுதிக்குத் தலைப்பு எப்போதும் அங்கேதான்.

"இடது ஓரத்தைப் பாருங்க," என்றார் மினெகிஷி.

இடது ஓரத்தில் ஒரு மனிதர். அகல லென்ஸின் புண்ணியத்தில் அவர் தலை தர்பூசணி அளவுக்கு இழுபட்டிருந்தது. ஆனால் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம்.

"வெள்ளிக்கிழமை இடது ஓரம் கத்தி மாதிரி. திங்கட்கிழமை கூழ். நடுவுல லென்ஸ் யார் கையில இருந்துது? என் கையில." அவர் அச்சுப்படியை எங்கள் பக்கம் தள்ளினார். "பொய் சொல்றவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, இந்தத் தொழில்ல எவனும் எனக்கு லென்ஸ் கொடுக்கமாட்டான்."

* * *

ஷின்ஜுகுவில் குஜிரா கம்பெனியின் காட்சிக்கூடம். குஜிரா என்றால் திமிங்கிலம். அங்கிருந்த விலைச்சீட்டுகளைப் பார்த்தபோது பெயர்ப் பொருத்தம் புரிந்தது.

விளம்பரப் பிரிவு ஷியோமி எங்களை இடுப்பு ஒடிய வணங்கி வரவேற்றார். நாங்கள் கேட்ட எதையும் கொடுக்க முடியாது என்று சொல்வதற்கும் அதே அளவு குனிந்தார்.

"மூலப்படம் சென்ஸேயோட சொத்துங்க. அவர் சம்மதிச்சாத்தான்."

"அவர் எங்கே?"

அவர் அங்கேயேதான் இருந்தார். சோபாவில் சாய்ந்து பச்சைத் தேநீரும் பயறு இனிப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹனாவா சென்ஸே முப்பது வருடங்களாக லென்ஸ் மதிப்புரை எழுதுகிறவர். அவர் எழுதிய மிகக் கடுமையான விமர்சனம், ஒரு லென்ஸைத் 'தனித்தன்மை வாய்ந்தது' என்று சொன்னது. அந்தக் கம்பெனி அடுத்த வருடமே மூடப்பட்டது.

"படத்தை நீங்கதான் எடுத்தீங்களா?" என்றார் முதலாளியம்மா.

"என் மதிப்புரையில இருக்கிற படம். வேற யார் எடுப்பா?"

"லென்ஸ் எப்படி?"

"விளிம்பு வரைக்கும் தெளிந்த ஓடை."

"ஓடையா, கத்தியா? உள்ளே கத்தின்னு எழுதியிருக்கீங்களே?"

"கத்தி போன்ற ஓடை."

"ஜூம் வளையம் இறுக்கமா, தளர்வா?"

சென்ஸே இனிப்பை மென்று விழுங்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். "அம்மா, லென்ஸைக் கையால தொட்டுப் பாக்கிறவன் வியாபாரி. நான் அதை மனசால உணர்றவன்."

"அப்போ வளையமும் மனசுலதான் இருக்குங்களா?" என்றேன் நான். ஷியோமி எங்களை மறுபடி வணங்கினார். இந்தத் தடவை வாசலைப் பார்த்து.

* * *

கீழே நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தோம். முதலாளியம்மா அச்சுப்படியைச் சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்து, முறைத்துக்கொண்டே உறிஞ்சினார்.

"படத்துல ஏதோ பொய் இருக்கு, இஸோகாவா ஸான். காப்பீட்டுக் கம்பெனி மூக்கு சொல்லுது. ஆனா எங்கேன்னு தெரியல. இடது ஓரத்தை முப்பது தடவை பார்த்துட்டேன்."

"சுவத்துல எழுத்துச் சுருள் தொங்குதே, அதைப் படிச்சுப் பாருங்க."

"அது புத்த பிக்கு எழுதினது. நேராப் பார்த்தாலும் யாராலயும் படிக்க முடியாது. தலைகீழாப் பார்த்தாலும் முடியாது."

நான் அலுப்போடு படத்தை என் பக்கம் இழுத்தேன். லென்ஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஓரத்தை விட்டுவிட்டு, நடுவில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். சாகே குடிக்கிறவர்களை எப்போதுமே கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பேன்.

"நல்ல கூட்டம்," என்றேன். "இவங்கல்லாம் எப்போ செத்தாங்க?"

"என்னது?"

"யுகாதாவைப் பாருங்க. வலது மடிப்பு மேலே இருக்கு. ஒருத்தர் விடாம எல்லாருக்கும். குளிப்பாட்டிப் பெட்டியில வைக்கிற மாதிரிதான் கட்டியிருக்காங்க. சாகே மட்டும் எப்படி உள்ளே போகுதுன்னு தெரியல."

முதலாளியம்மா குச்சிகளைக் கீழே வைத்தார்.

உயிரோடிருக்கும் எவரும் எங்கள் ஊரில் அங்கியை அப்படிக் கட்டமாட்டார்கள். வலது பக்கத்தை உள்ளே சுற்றி, இடது பக்கத்தை மேலே மடிக்க வேண்டும். மாற்றிக் கட்டுவது சவத்துக்கு மட்டும். மூன்று வயதுக் குழந்தை தப்பாகக் கட்டினால்கூடப் பெரியவர்கள் ஓடிவந்து அவிழ்ப்பார்கள்.

முதலாளியம்மா கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்து, அதன் சின்னக் கண்ணாடியைப் படத்தின் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடிக்குள் எல்லோரும் உயிர்பிழைத்தார்கள்.

"படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டிருக்காங்க," என்றார் மெதுவாக. "அதாவது நாம இடது ஓரம்னு பார்த்தது, லென்ஸோட வலது ஓரம். நல்லா இருக்கிற ஓரம்."

"இதை இத்தனை பேர் பார்த்தாங்க. ஒருத்தருக்குமா தெரியல?"

"எல்லாரும் லென்ஸ்காரங்க. ஓரத்தைத் தவிர எதையும் பார்க்கமாட்டாங்க. நடுவுல மனுஷன் செத்துக் கிடந்தாலும் மூலை தெளிவா இருக்கான்னுதான் பார்ப்பாங்க." எழுந்தவர் என் கிண்ணத்தைப் பார்த்தார். "உங்க வாயால ஒரு நல்லது நடந்திருக்கு. அதை மூடிட்டு வாங்க."

* * *

மறுநாள் காலை 'காமெரா மடோ' அலுவலகம். ஆசிரியர் தோகாஷி கடைசி அச்சுப்படியை மேசையில் விரித்திருந்தார். ஒப்புதல் கொடுக்க ஹனாவா சென்ஸேயும் ஷியோமியும் வந்திருந்தார்கள். மினெகிஷி ராஜினாமா உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலாளியம்மா யாரையும் வணங்கவில்லை. நேராகப் போய் பவுடர் டப்பாவைப் படத்தின் பக்கத்தில் திறந்து வைத்தார்.

"ஆசிரியர் சார், இந்த இதழ் துக்கச் சிறப்பிதழா?"

தோகாஷி கண்ணாடிக்குள் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கண்ணாடிக்குள். அவர் காது முதலில் சிவந்தது. அப்புறம் கழுத்து.

"நான்... இடது ஓரத்தை மட்டும்தான் லூப் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன்."

"தெரியும். இப்போ அந்தக் கறுப்புப் பட்டையை எடுங்க."

கணினி முன்னால் இருந்தவரிடம் தோகாஷி தலையசைத்தார். பட்டை மறைந்தது. அதன் அடியில் கூடத்தின் கடைசி இருக்கை இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில், விருந்து கொடுப்பவர் அடக்கமாக உட்காரும் இடம். அங்கே ஓர் அங்கி இருந்தது. அங்கிக்கு மேலே, முகம் இருக்கவேண்டிய இடத்தில், அகலமாக இழுபட்ட ஒரு கஞ்சி இருந்தது.

"இது யாரு?" என்றார் தோகாஷி.

"எங்க நிர்வாக இயக்குநர்," என்றார் ஷியோமி, தரையைப் பார்த்து.

"அப்போ வெள்ளிக்கிழமை ராத்திரியே அந்த ஓரம் கூழ்," என்றார் முதலாளியம்மா. "மினெகிஷி ஸான் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

மினெகிஷி உறையைத் தாழ்த்தி, படத்தின் பக்கம் குனிந்தார்.

சென்ஸே தொண்டையைச் செருமினார். "ஒரு கலைஞன் படத்தைத் திருப்பிப் போடலாம். அது அவன் உரிமை. நான் எடுத்த படம், நான் திருப்பினேன். கலைநோக்கு."

எனக்கு ஒரு நிமிடம் பயம் வந்தது. ஆள் தப்பித்துவிடுவார் போலிருந்தது. கலைநோக்கு என்று ஒருவன் சொல்லிவிட்டால் எந்த நீதிமன்றமும் ஒன்றும் செய்ய முடியாது.

"சென்ஸே," என்றார் முதலாளியம்மா, "விருந்துல முக்கிய விருந்தாளி நீங்கதானே?"

"சந்தேகமென்ன."

"அப்போ உங்க இருக்கை கூடத்தோட தலைப்பக்கம். பூஜாடி வெச்ச மாடத்துக்கு முன்னால. படம் எடுக்க நீங்க எழுந்து வந்திருந்தா, அந்த இடம் காலியா இருக்கணும்."

அகல லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் இருப்பதைப் பூதமாக்கும். தூரத்தில் இருப்பதை அரிசிமணியாக்கும். மாடம் படத்தின் நட்டநடுவில், ஆனால் கூடத்தின் கடைக்கோடியில் இருந்தது. முதலாளியம்மா தோகாஷியின் கையிலிருந்து லூப்பை வாங்கி அங்கே வைத்தார். தோகாஷி குனிந்தார். நானும் குனிந்தேன். எங்கள் தலைகள் முட்டிக்கொண்டன.

மாடத்தின் தூணில் சாய்ந்து, தலையில் வெந்நீர்க்குளத் துண்டோடு, வாயை விளிம்பு வரைக்கும் தெளிவாகத் திறந்துகொண்டு, ஹனாவா சென்ஸே தூங்கிக்கொண்டிருந்தார்.



"தானியங்கியில வெச்சு எடுத்தேன்," என்றார் சென்ஸே.

"பத்து விநாடியில கூடம் முழுக்க ஓடி, உக்காந்து, சாய்ஞ்சு, தூங்கியும் போயிட்டீங்க," என்றேன். "இந்த வயசுல பெரிய விஷயம்."

"சென்ஸே," என்றார் மினெகிஷி. அவர் வாய் திறந்தது அப்போதுதான். "லென்ஸை ஒரு தடவையாவது கையில வாங்கினீங்களா?"

சென்ஸே ஷியோமியைப் பார்த்தார். ஷியோமி உடைந்துவிட்டார். பாய் இல்லாத தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"மதிப்புரையை நாங்கதான் எழுதி அனுப்புவோம். சென்ஸே கையெழுத்து மட்டும் போடுவார். எல்லாக் கம்பெனிக்கும் அப்படித்தான். அன்னிக்கு அவர் தூங்கிட்டதால படத்தை நான் எடுத்தேன். அறைக்குப் போய்ப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். இயக்குநர் முகம் அப்படி இருந்துது. அதை அவர்கிட்ட எப்படிக் காட்டுறது? திருப்பினா தலைப்புக்கு அடியில போயிடும்னு தோணிச்சு. அவ்வளவுதான். மினெகிஷி ஸான் உண்மையை எழுதுவாங்கன்னு நான் எதிர்பார்க்கல."

"ஏன்?" என்றார் மினெகிஷி.

"இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லையே."

தோகாஷி இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டி, நெற்றி மேசையில் படும் அளவுக்கு மினெகிஷியை நோக்கி வணங்கினார். நிமிரவே இல்லை. மினெகிஷி அவரை அப்படியே கொஞ்ச நேரம் விட்டுவைத்தார். அதை நான் மனதுக்குள் பாராட்டினேன். பிறகு ராஜினாமா உறையை நான்காக மடித்துத் தன் பைக்குள் போட்டார்.

"சென்ஸேயோட மதிப்புரையை எடுத்துடுங்க. என்னோட சோதனையைப் போடுங்க," என்றார். "படம் இதே படம். நேராத் திருப்பிடுங்க. கறுப்புப் பட்டை வேணாம்."

ஷியோமி தரையிலிருந்து கைகூப்பினார். "மினெகிஷி ஸான், கெஞ்சிக் கேக்கிறேன். அது எங்க இயக்குநரோட முகம்."

"முகம் இல்ல, ஷியோமி ஸான்," என்றார் மினெகிஷி, சுவரைப் பார்த்துப் பேசும் அதே நிதானமான குரலில். "அது இடது ஓரம்."

இதழ் அப்படியே வந்தது. படத்தின் கீழே ஒரே வரி: 'பத்து மில்லிமீட்டரில் இடது ஓரம், பரிந்துரைக்க இயலாது.' குஜிரா கம்பெனி அந்த லென்ஸைத் திரும்பப் பெற்றுப் பிரித்துப் பூட்டப் போய்விட்டது. ஹனாவா சென்ஸே ஓய்வு எடுக்கிறார் என்று இதழ் அறிவித்தது. அவரைப் பொறுத்தவரை அது பெரிய மாற்றமில்லை. மினெகிஷி ஹருயோ வேலையில் இருக்கிறார். லென்ஸ் கம்பெனிகள் இப்போது அவர் மேசைக்குப் பெட்டியை அனுப்பும்போது இரண்டு தடவை யோசிக்கின்றன.

அதாமியிலுள்ள அந்த விடுதி, தொடங்கிய நாள்முதல் விருந்தாளிகளுக்குக் கொடுத்துவருவது, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் வட்டக் கழுத்துப் பனியன் சட்டை. அதில் இடது மடிப்பும் கிடையாது, வலது மடிப்பும் கிடையாது.